வெள்ளைக் கல் வழி: மாஸ்கோவிலிருந்து கிதெக்ஷா வரை ஐந்து நாள்

முதல் நாள்: மாஸ்கோ, கிரெம்ளின்

ரஷ்யத் தேவாலயம் என்றதும் செஞ்சதுக்கத்தில் இருக்கும் வண்ணக் குவிமாடங்கள்தான் நினைவுக்கு வரும். 1555-க்கும் 1561-க்கும் இடையில் கட்டிய பொக்ரோவ்ஸ்கி பேராலயம் அது. வசீலி பேராலயம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளேயும் போய் வரலாம். வெளியிலிருந்து பிரம்மாண்டமாகத் தெரிந்தாலும் உள்ளே குறுகலான நடைகளும் சின்னச் சின்ன அறைகளும்தான். இந்த ஐந்து நாள் பயணம் தேடிப் போவது வேறொன்றை: வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய தேவாலயங்களின் இடுப்பில் ஓடும் ஒரு பட்டை.

அந்தப் பட்டையை முதலில் பார்க்க வேண்டிய இடம் கிரெம்ளின் என்னும் கோட்டைக்குள் இருக்கும் உஸ்பென்ஸ்கி பேராலயம். கிரெம்ளின் வியாழக்கிழமை மூடியிருக்கும். அலெக்சாந்தர் பூங்காவில் டிக்கெட் எடுத்துக்கொண்டு, குதாஃப்யா கோபுர வாசல் வழியாகப் போக வேண்டும். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். கோபுரத்தை ஒட்டிய பொருள் காப்பறையில் வைத்துவிட்டுப் போங்கள். பேராலயச் சதுக்கத்துக்கு ஒரு டிக்கெட், ஆயுதக் காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. பணமாக ரூபிள் கையில் இருக்கட்டும். 2022 மார்ச்சிலிருந்து, ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை.

இந்தப் பேராலயத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. கிரிவ்த்ஸோவ், மிஷ்கின் என்ற இரண்டு கொத்தனார்கள் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடம், கூரை வளைவு முடியும் தறுவாயில் 1474 மே மாதத்தில் இடிந்து விழுந்தது. மாஸ்கோவில் அப்போது நில அதிர்வும் இருந்தது. பார்வையிட வந்த பிஸ்கோவ் நகரத்துக் கொத்தனார்கள் வேலை சுத்தம் என்று பாராட்டிவிட்டு, சாந்தில்தான் குறை என்றார்கள்: சுண்ணாம்பைத் தண்ணியாகக் கரைத்திருக்கிறார்கள், பிடிப்பே இல்லை. மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் இத்தாலியின் பொலோன்யாவிலிருந்து அரிஸ்தோத்தலே ஃபியோரவந்தி என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தார். வந்தவர் முதலில் மிச்சமிருந்த சுவர்களை இடிகட்டையால் மோதித் தள்ளினார். மூன்று வருடம் கட்டியதை ஒரு வாரத்துக்குள் தரைமட்டமாக்கினார். அஸ்திவாரத்தை 4 மீட்டருக்கு மேல் தோண்டி, அடியில் ஓக் மர முளைகளை அடித்தார். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைக்கச் சொன்னார். மறுநாள் காய்ந்த பிறகு கத்தியால் கூடச் சுரண்ட முடியாத பதம். சுவருக்குள் மரக் கட்டைகளைப் பிணைப்பாக வைக்கும் வழக்கத்தை விட்டு இரும்புக் கம்பிகளை வைத்தார். கூரை வளைவுகளுக்குச் செங்கல் வேண்டும் என்று தனிச் சூளையே போட்டார். 1475-இல் தொடங்கி 1479-இல் முடிந்தது. தள்ளி நின்று பார்த்தால் ஒரே கல்லைப் போல இருக்கிறது என்று அந்தக் கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

தெற்கு வாசல் எதிரே நின்று, சுவரின் பாதி உயரத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன வில் வளைவுகள் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றின் காலும் ஒல்லியான அரைத்தூணாகச் சுவரோடு ஒட்டி இறங்கும். இடைப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஃபியோரவந்திக்கு இது சொந்தச் சரக்கல்ல. விளாதிமிர் நகரத்து உஸ்பென்ஸ்கியைப் போய்ப் பார், அதுதான் மாதிரி என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டு வந்து பட்டையை எடுத்துக்கொண்டார், உள்ளே மட்டும் தன் விருப்பப்படி செய்தார்: கனமான சதுரத் தூண்களுக்குப் பதிலாக நான்கு உருண்டைத் தூண்கள். உள்ளே போனதும் அது ஒரு அரண்மனைக் கூடமாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். இன்னும் இரண்டு தூண்கள் உண்டு, ஆனால் சதுரம். திருவோவியத் தடுப்புக்கு, அதாவது பலிபீடத்தை மறைக்கும் ஓவியச் சுவருக்கு, பின்னால் மறைந்திருக்கும்.

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கூட்டம் வெளிச்சுற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றால் மேலே நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: விளாதிமிர்

மாஸ்கோ குர்ஸ்கி நிலையத்திலிருந்து விளாதிமிருக்கு விரைவு ரயிலில் 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம். 190 கிலோமீட்டர் சொச்சம். சில ரயில்கள் வஸ்தோச்னி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டும் வேறு வேறு இடங்கள், டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்க பாஸ்போர்ட் எண் வேண்டும், ஏறும்போது அதே பாஸ்போர்ட் கையில் வேண்டும்.

காலையிலிருந்து தூறல். வெள்ளைக் கல் வழியில் இது பெரிய விஷயம். சுண்ணாம்புக் கல் ஈரத்தை உறிஞ்சும். பழைய சுவரோவியத்துக்குக் கூட்டத்தின் மூச்சுக் காற்றோடு வெளி ஈரமும் சேர்ந்தால் ஆபத்து. அதனால் திமித்ரியெவ்ஸ்கி பேராலயம் போன்ற இடங்களை மழை நாளில் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. விளாதிமிரில் ஒரே நாள் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவது இதில்தான். இரண்டு இரவு தங்குங்கள். தூறும் நாளில் உஸ்பென்ஸ்கி, காய்ந்த நாளில் திமித்ரியெவ்ஸ்கி. இரண்டுக்கும் நடுவே நடந்தால் சில நிமிடம்தான்.

உஸ்பென்ஸ்கியில் இன்றும் ஆராதனை நடக்கிறது. பெண்கள் தலைக்குத் துணியும் முழங்காலை மறைக்கும் உடையும், ஆண்கள் தொப்பி இல்லாத தலையும். பெஞ்சு கிடையாது, எல்லோரும் நின்றுதான் வழிபடுவார்கள். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு நிற்பதும், திருவோவியத் தடுப்புக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதும் அங்கே மரியாதைக் குறைவு. தடுப்பின் நடுவில் இருக்கும் இரட்டைக் கதவு அரச வாசல். அதை நெருங்க வேண்டாம்.

மெழுகுவர்த்தி ஏற்ற விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. வாசலருகில் விற்பார்கள். உயரமான வட்டத் தாங்கிகள் உயிரோடு இருப்பவர்களுக்காக. சிலுவை நிற்கும் தாழ்வான சதுர மேசை இறந்தவர்களுக்காக. மாற்றி வைத்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டி விடமாட்டார். எரியும் இன்னொரு திரியில் பற்றவைத்து, அடிப்பகுதியையும் லேசாகச் சூடு காட்டிக் குழியில் அழுத்துங்கள். மெழுகு இளகி ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டாமல் வைத்தால் சாய்ந்துவிடும்.

எந்தத் தேவாலயத்துக்குப் போனாலும் உதவும் இன்னொன்று: தடுப்பின் அடி வரிசையில், நாம் நின்று பார்க்கையில், அரச வாசலுக்கு வலப்பக்கம் இயேசு, இடப்பக்கம் மாதா. இயேசுவுக்கு அடுத்து வலப்பக்கம் இருக்கும் ஓவியம் எந்தப் புனிதரையோ திருநாளையோ காட்டுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பெயர்தான் ஆலயத்துக்கும்.

இனி கட்டடம். 1158-இல் தொடங்கி 1160-இல் இளவரசர் ஆந்த்ரேய் பொகோல்யுப்ஸ்கி கட்டி முடித்தபோது இதற்கு ஒரே குவிமாடம். 1185-இல் தீப்பிடித்தது. வெந்த சுண்ணாம்புக் கல்லை நம்பிப் பாரம் ஏற்ற முடியாது. அவருடைய தம்பி வ்ஸெவலத் பழைய கட்டடத்தை இடிக்கவில்லை. சுற்றிலும் புதுச் சுவர் எழுப்பி, பழைய சுவர்களில் வளைவுத் திறப்புகள் வெட்டி, கட்டடத்தைக் கட்டடத்துக்குள் வைத்தார். 1189-இல் ஐந்து குவிமாடங்களோடு வேலை முடிந்தது. மாஸ்கோவுக்கு மாதிரியானது இந்த இரண்டாவது வடிவம்தான்.

இது ஏட்டுச் செய்தியல்ல, கண்ணால் பார்க்கலாம். வடக்குப் பக்க நடைக்குள் போய் உட்பக்கச் சுவரை அண்ணாந்து பாருங்கள். நேற்று கிரெம்ளினில் வெளியே பார்த்த அதே இடைப்பட்டை இங்கே கூரைக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் அது வெளிச்சுவர். மழையும் வெயிலும் பட்ட சுவர். தூண்களுக்கு இடையில் மங்கிய வண்ணத்தில் மயில் உருவம் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் வெளிச்சுவரையும் வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி அது.

பழைய ரஷ்ய ஓவியர் ருப்ளேவின் ஓவியங்களைத் தேடிப் பலர் பலிபீடப் பக்கம் போய்த் திரும்புகிறார்கள். அவை இருப்பது மேற்கே, பாடகர் மாடத்தின் கீழ் வளைவுகளில். 1408-இல் ஆந்த்ரேய் ருப்ளேவும் தனியீல் சோர்னியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு. நடு வளைவிலிருந்து தெற்கு வளைவுக்கு நகருங்கள். அங்கே புனிதர்கள் சொர்க்கத்துக்குப் போகும் ஊர்வலம். தீர்ப்பு நாள் என்றால் அச்சுறுத்தும் முகங்கள்தானே வழக்கம்? இங்கே ஒரு முகத்திலும் கோபம் இல்லை. மற்றச் சுவர்களில் பளபளவென்று தெரிவது பெரும்பாலும் 1880-களின் வேலை, அதை ருப்ளேவ் என்று நினைத்துவிட வேண்டாம். தங்க முலாம் பூசிய இப்போதைய தடுப்பு 18-ஆம் நூற்றாண்டுப் பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்தது. ருப்ளேவ் குழுவின் பழைய தடுப்பு ஒரு கிராமத்துக்கு விற்கப்பட்டு, அதன் ஓவியங்கள் இன்று மாஸ்கோவின் திரெத்யகோவ் காட்சியகத்திலும் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கின்றன.

8 மடங்கு பைனாகுலர் ஒன்று பையில் இருந்தால் இந்தப் பயணத்தின் மதிப்பு கூடும். செல்போன் ஜூம் இருட்டு வளைவில் உதவாது.

மூன்றாம் நாள்: நெர்ல் கரையும் திமித்ரியெவ்ஸ்கியும்

வானம் வெளுத்துவிட்டது. விளாதிமிரிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி பொகோல்யுபோவோ. பேருந்தும் உண்டு, எலெக்த்ரிச்கா என்னும் புறநகர் ரயிலும் உண்டு. நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்துக்கு மேல் போகும் நடைபாலத்தைக் கடந்தால் புல்வெளி. அங்கிருந்து நெர்ல் ஆற்றங்கரையில் இருக்கும் பொக்ரோவா ஆலயத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வழியில் நிழல் இல்லை; கோடையில் கொசு உண்டு. ஏப்ரல் கடைசியில் போனால் பனி உருகிய வெள்ளம் புல்வெளியை மூடியிருக்கலாம். ஆலயம் மட்டும் தீவு போல நிற்கும்.

வெள்ளத்தில் ஏன் மூழ்குவதில்லை? பொக்ரோவா ஆலயத்தின் சூட்சுமம் மண்ணுக்கடியில் இருக்கிறது. நெர்ல் ஆறு கிளியாஸ்மாவில் கலந்த இடத்தில், தாழ்வான கரையில், 1165 வாக்கில் கட்டியது. முதலில் 1.6 மீட்டர் ஆழத்துக்கு அஸ்திவாரம். அதன் மேல் 3.7 மீட்டர் உயரத்துக்குச் சுவர். அந்தச் சுவருக்கு உள்ளும் புறமும் மண்ணைக் கொட்டிக் கெட்டித்து, ஒரு குன்றையே உண்டாக்கி, குன்றின் மேல் வெள்ளைக் கல் பலகை பாவினார்கள். நாம் பார்க்கும் ஆலயம் அதற்கு மேலே தொடங்குகிறது. அதாவது 5 மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானம் காலடியில் புதைந்திருக்கிறது. 1950-களில் தொல்லியலாளர் நிகலாய் வரோனின் நடத்திய அகழாய்வில்தான் இது முழுதாகத் தெரியவந்தது. இப்போது புல் மூடி இயற்கையான மேடு மாதிரி இருக்கிறது. மேட்டில் ஏறும்போது இதை நினைவில் வையுங்கள்.

இடைப்பட்டை இங்கே இன்னும் மெல்லிசு. மேலே மூன்று பக்கமும் நடு வளைவில் தாவீது அரசர் இசைக்கருவியோடு அமர்ந்திருக்கிறார். இரு பக்கமும் பறவைகள், சிங்கங்கள். உள்ளே பத்து நிமிடம் போதும். 1877-இல் செப்பனிடுகிறோம் என்று மிச்சமிருந்த சுவரோவியங்களையும் கொத்தி எடுத்துவிட்டார்கள், வெறும் சுவர். நேரத்தை வெளியே செலவிடுங்கள். பக்கத்தில் ஆறு விட்டுப்போன பழைய தடம் குளமாக நிற்கிறது. காற்று எழுவதற்கு முன், காலை எட்டு மணிக்குள், எதிர்க்கரையில் நின்றால் ஆலயம் தண்ணீரில் முழுதாக விழும்.

திரும்பும் வழியில் பொகோல்யுபோவோ மடத்தில், ஆந்த்ரேயின் அரண்மனையில் மிஞ்சிய படிக்கோபுரத்தைப் பார்க்கலாம். 1174-இல் அவர் கொலையுண்டது இங்கேதான். பக்கத்திலிருந்த வெள்ளைக் கல் பேராலயம் 1722-இல் இடிந்தது. காரணம் தீயோ போரோ அல்ல. உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று மடத்துத் தலைவர் ஒருவர் சுவரில் பெரிய ஜன்னல்களை வெட்டினார், பாரம் தாங்கவில்லை. இப்போது நிற்பது 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.

பிற்பகல் திமித்ரியெவ்ஸ்கி திறந்திருந்தது. 1194-இல் தொடங்கி 1197 வாக்கில் வ்ஸெவலத் கட்டிய சொந்த ஆலயம். ஒரே குவிமாடம், சிறிய கட்டடம், ஆனால் பட்டைக்கு மேலே ஒரு சாண் இடம் கூட வெறுமையாக இல்லை. அறுநூறு வரை புடைப்புச் சிற்பங்கள்: சிங்கம், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், குதிரை வீரர், செடிகொடி. கண் திணறும். அதனால் மூன்றே மூன்றைக் குறிவைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முகப்பிலும் நடுவில் சிம்மாசனத்தில் இருக்கும் அரசர் முதலாவது. தெற்கு முகப்பின் கிழக்கு வளைவில், இறக்கை மிருகங்கள் பூட்டிய கூடையில் வானேறும் மாவீரர் அலெக்சாந்தர் இரண்டாவது. வடக்கு முகப்பின் கிழக்கு வளைவில் மடியில் கைக்குழந்தையும் சுற்றிலும் மற்ற மகன்களுமாக இருக்கும் வ்ஸெவலத் மூன்றாவது. வடக்குப் பக்கத்தில் வெயில் விழுவது கோடைச் சாயங்காலத்தில் மட்டும்தான். ஜூன் மாதம் ஏழு மணிக்கு மேல் பக்கவாட்டு வெளிச்சம் பட்டு ஒவ்வொரு விரலும் தனியாகத் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாக இருக்கும்.

இந்த ஆலயத்தைச் சுற்றி முன்பு நடைகளும் படிக்கோபுரங்களும் இருந்தன. 1830-களின் கடைசியில், ஜார் மன்னர் முதலாம் நிகலாய் ஆணைப்படி பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று அவற்றைப் பிற்காலச் சேர்க்கை என நினைத்து இடித்தார்கள். அவையும் பழையவைதான். இன்று இதைத் தனித்த கனசதுரமாகப் பார்த்து வியக்கிறோமே, அந்த அழகில் பாதி ஒரு தவறு செய்து கொடுத்தது.

நான்காம் நாள்: சுஸ்தால்

சுஸ்தாலுக்கு ரயில் கிடையாது. ரயில்பாதை 19-ஆம் நூற்றாண்டில் ஊரை ஒதுக்கிப் போனது. ஆலைகள் வரவில்லை, ஊர் அப்படியே தங்கிவிட்டது. விளாதிமிர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேருந்து நிலையத்திலிருந்து 40 நிமிடம். இறங்கும் இடத்திலிருந்து ஊர் நடுவுக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்.

கிழமை பார்த்து வாருங்கள். இங்குள்ள ஸ்பாஸோ-யெஃபீமியெவ் மடத்து வளாகம் வழக்கமாகத் திங்கள், சுஸ்தால் கிரெம்ளின் செவ்வாய் விடுமுறை. போதாக்குறைக்கு மாதக் கடைசி வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தப்படுத்தும் நாள். மாஸ்கோவில் செவ்வாய் தொடங்கினால் வெள்ளிக்கு இங்கே வந்து சேரலாம். எந்தக் கதவும் முகத்தில் அடிக்காது. மாதக் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கிரெம்ளினுக்குள் நீலக் குவிமாடங்களில் தங்க நட்சத்திரம் பதித்த பேராலயம், மாதா பிறந்தநாள் ஆலயம். நீலமும் நட்சத்திரமும் மாதாவின் அடையாளம். 1222-இல் தொடங்கி 1225-இல் முடிந்த வெள்ளைக் கல் கட்டடத்தின் மேல்பாதி 1445-இல் சரிந்தது. 1528-இல் தொடங்கி இரண்டு ஆண்டில் செங்கல்லில் மேலே கட்டினார்கள். தையல் எங்கே என்று தேட வேண்டியதில்லை: இடைப்பட்டையே தையல். அதற்குக் கீழே செதுக்கிய கல்லும் கரடான பழைய சுவரும். மேலே மட்டமான செங்கல் சுவர். முந்நூறு ஆண்டு வித்தியாசத்தை ஒரு சுவரில் கையை நீட்டிக் காட்டலாம்.

உள்ளே தங்கக் கதவுகள், 13-ஆம் நூற்றாண்டு வேலை. செப்புத் தகட்டின் மேல் கறுப்பு அரக்கு பூசி, உருவங்களை ஊசியால் கீறி, கீறலில் பாதரசத்தோடு குழைத்த தங்கத்தைத் தடவிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் செம்பில் தங்கிவிடும். தூரத்தில் நின்றால் கறுப்புப் பலகையாகத்தான் தெரியும். பக்கத்தில் போய், தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும்.

ஊருக்குள் நடக்கையில் தேவாலயங்கள் இரண்டிரண்டாக நிற்பதைக் கவனிக்கலாம். உயரமாக, பெரிய ஜன்னலோடு இருப்பது கோடை ஆலயம். அதைச் சூடாக்க வழியில்லை, குளிர் வந்ததும் பூட்டிவிடுவார்கள். பக்கத்தில் தாழ்ந்த கூரையோடு வீடு மாதிரி இருப்பது குளிர்கால ஆலயம்; அடுப்பு உண்டு. சந்தைச் சதுக்கத்தில் 1720-இன் உயிர்ப்பு ஆலயமும் 1739-இன் கஸான் மாதா ஆலயமும் அப்படி ஒரு ஜோடி. மரக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில், கோஸ்லியாத்யெவோ கிராமத்திலிருந்து கொண்டுவந்த 1756-ஆம் ஆண்டுக் கோடை ஆலயமும், பதாகினோவிலிருந்து வந்த 1776-ஆம் ஆண்டுக் குளிர்கால ஆலயமும் மரத்தில் இதே ஜோடியாக நிற்கின்றன.

ஸ்பாஸோ-யெஃபீமியெவ் மடத்தில் மணிவாசிப்பு நேரத்தைப் பலகையில் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடம் முன்னதாகவே மணிமாடத்தின் கீழே நில்லுங்கள். ரஷ்ய மணி ஆடாது. மணி அசையாமல் தொங்கும், உள்நாக்கைத்தான் கயிறு கட்டி இழுப்பார்கள். ஒருவரே கையாலும் காலாலும் பல கயிறுகளைப் பிடித்துத் தாளம் போடுவதைக் கீழிருந்தே பார்க்கலாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மெனுவில் "போஸ்ட்னயே" என்ற சொல்லைத் தேடுங்கள். நோன்புக்கால உணவு, இறைச்சி, பால், முட்டை கிடையாது. மீன் மட்டும் சில நாட்களில் சேரும், கேட்டுக்கொள்ளுங்கள். காளான் சூப், முட்டைக்கோஸ் வைத்த பிரோஷ்கி என்னும் சின்ன ரொட்டி, பக்வீட் தானியச் சோறு இருந்தால் பொழுது ஓடிவிடும்.

ஐந்தாம் நாள்: கிதெக்ஷா

சுஸ்தாலிலிருந்து கிழக்கே 4 கிலோமீட்டர். நடக்கலாம், இல்லையென்றால் டாக்சி. கமென்கா ஆறு நெர்லில் கலக்கும் இடத்தில் 1152-இல் இளவரசர் யூரி தல்கரூக்கி கட்டிய, பரீஸ், கிளெப் என்ற இரு புனிதர்கள் பெயரிலான ஆலயம். ருஸ் என்ற பழைய ரஷ்ய நிலத்தின் வடகிழக்கில் ஆக முந்தைய வெள்ளைக் கல் கட்டடங்களில் ஒன்று. ஆந்த்ரேயும் வ்ஸெவலத்தும் இவருடைய மகன்கள்.

முதல் பார்வைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேல் வளைவுகள் 17-ஆம் நூற்றாண்டில் விழுந்துபோயின. சாய்வுக் கூரையும் பொருந்தாத சின்னக் குமிழும் பின்னால் வைத்தவை. பக்கத்து மணிக்கூண்டு வேறு சாய்ந்து நிற்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் நிற்காததற்கு இதுவே காரணம். தனியாகச் சுற்றிவர நல்லதுதான்.

வடக்குச் சுவரோரம் போய்ப் பட்டையைப் பாருங்கள். சிற்பம் இல்லை, மயில் இல்லை, அரைத்தூண்களும் இல்லை. வெறும் வில் வளைவுகள் ஒரு வரிசை, அதற்கு மேல் கல்லை மூலைவாட்டாக வைத்த ரம்பப் பல் வரிசை ஒன்று. அவ்வளவுதான். தூண்கள் இறங்கியது அடுத்த தலைமுறையில், விளாதிமிரில். கல்லை எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதை மட்டும் இணைப்புகளில் பாருங்கள். உள்ளே உடைகல்லும் சாந்தும் நிரப்பி, இரு முகமும் வெட்டுக்கல் வைத்த சுவர் இது. இதே முறைதான் நெர்ல் கரையிலும்.

ஆலயத்துக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் ஆறு. முந்தாநாள் பார்த்த அதே நெர்ல்தான்; இங்கிருந்து தெற்கே ஓடி பொக்ரோவா மேட்டைத் தொட்டுவிட்டுக் கிளியாஸ்மாவில் சேர்கிறது. மாலை ரயிலுக்கு விளாதிமிர் திரும்ப வேண்டியவர்கள் இரண்டு மணிக்குள் சுஸ்தால் பேருந்து நிலையத்தில் இருப்பது நல்லது. சனி, ஞாயிறு பிற்பகலில் மாஸ்கோக்காரர்கள் ஊர் திரும்பும் கூட்டத்தில் இடம் கிடைக்காது.